அறுவை முடிந்த மறுநாளிலிருந்து...

உறுப்பு மாற்று அறுவை பற்றிய பத்திரிகைச் செய்திகளைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லாம் ஒரே இடத்தில்தான் முடியும். நோயாளி கையில் பூங்கொத்து, இரண்டு பக்கமும் வெள்ளைக் கோட்டு டாக்டர்கள், பின்னால் மருத்துவமனையின் பெயர்ப்பலகை, 'நலமுடன் வீடு திரும்பினார்' என்று ஒரு வரி. சினிமாவில் 'சுபம்' போடுவது மாதிரி! அதற்கப்புறம் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 1998 நவம்பரில் டெல்லி இந்திரபிரஸ்தா அப்பல்லோ மருத்துவமனையில் ஒரு குழந்தைக்குக் கல்லீரல் மாற்றினார்கள். இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று அறுவை அதுதான். அந்தக் குழந்தை காஞ்சிபுரத்துப் பிள்ளை, பெயர் சஞ்சய் கந்தசாமி. அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. பிறவியிலேயே பித்த நாளங்கள் சரியாக உருவாகாத நோய். பித்தம் வெளியேற வழியில்லாமல் தேங்கித் தேங்கிக் கல்லீரலையே கெடுத்துவிடும். பெற்ற அப்பா தன் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டிக் கொடுத்தார். பிள்ளை பிழைத்தது, வளர்ந்தது, படித்தது, டாக்டராகவும் ஆகிவிட்டது! 2023ல் இருபத்தைந்து ஆண்டு நிறைவைக்கூடக் கொண்டாடினார்கள். பட்டுக்கும் கோயிலுக்கும் இட்லிக்கும் மட்டுமே இந்த ஊர் பேர் வாங்கும் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு கொசுறு.

இந்த வெற்றிக் கதையைப் பலரும் சொல்லிவிட்டார்கள், சொல்லவும் வேண்டும். ஆனால் பூங்கொத்துக்கும் வெள்ளிவிழாவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? மாத்திரை. மாத்திரை செய்யும் நல்லது, அதே மாத்திரை செய்யும் கெட்டது. இரண்டையும் எடைபோட்டுக்கொண்டே கழியும் ஆண்டுகள். உறுப்பு மாற்று அறுவை நோயைத் தீர்ப்பதில்லை. கொல்லும் நோய் ஒன்றைக் கொடுத்துவிட்டு, சமாளிக்கக்கூடிய நோய் ஒன்றை வாங்கிக்கொள்ளும் பண்டமாற்று அது. பெரும்பாலும் லாபமான பண்டமாற்றுதான், சந்தேகமே இல்லை. ஆனால் வாங்கிய சரக்கு என்ன என்று வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமா இல்லையா?

முதலில் உடம்பின் கோபத்தைப் பார்க்கலாம். வெளியிலிருந்து எது உள்ளே வந்தாலும் 'இது என்னுடையதா, அந்நியமா' என்று உடம்பு பார்க்கிறது. கிருமிக்கும் அதே பார்வை, அன்போடு கொடுத்த சிறுநீரகத்துக்கும் அதே பார்வை. அதற்கு அப்பாவும் தெரியாது, தியாகமும் தெரியாது. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டனில் ஜோசப் முர்ரே செய்த சிறுநீரக மாற்று ஜெயித்ததற்குக் காரணம், கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே மாதிரி இரட்டையர்கள். ரிச்சர்ட் ஹெரிக்கின் உடம்பால் தம்பி சிறுநீரகம் எது, தன் சிறுநீரகம் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அண்ணன் தம்பிப் பாசம் அந்த அளவுக்கு முற்றினால்தான் உடம்பு ஒத்துக்கொள்ளும் போல. எட்டு ஆண்டுகள் கழித்து ரிச்சர்ட் இறந்தார். அதற்குக் காரணம் உடம்பின் எதிர்ப்பு இல்லை, முதல் சிறுநீரகங்களைத் தின்ற அதே நோய் புதியதிலும் திரும்பி வந்ததுதான். இதுவும் இந்தச் சிகிச்சையின் சிக்கல்களில் ஒன்று. வீட்டை மாற்றினாலும் கறையான் பின்னாலேயே வந்துவிடுகிறது.

1967 டிசம்பர் 3. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்தார். நோயாளி லூயிஸ் வாஷ்கான்ஸ்கி, மளிகை வியாபாரி. பதினெட்டாவது நாள் இறந்துபோனார். இதயம் நின்றதால் இல்லை. புது இதயம் நன்றாகத்தான் துடித்துக்கொண்டிருந்தது. அந்த இதயத்தை உடம்பு விரட்டாமல் இருக்கக் கொடுத்த மருந்துகள் உடம்பின் காவலையே படுக்க வைத்துவிட்டன. நுரையீரலில் நிமோனியா வந்தது, தடுக்க ஆளில்லை. இந்தச் சிகிச்சையின் கஷ்டம் முழுவதும் அந்தப் பதினெட்டு நாளில் இருக்கிறது. காவல்காரன் விழித்திருந்தால் விருந்தாளியை அடித்துத் துரத்துவான், தூங்கினால் திருடன் வருவான். அவனை அரைத்தூக்கத்தில் வைத்திருக்க வேண்டும், அதுவும் ஆயுள் முழுக்க.

தமிழ்நாட்டில் இந்தச் சிகிச்சை 1971ல் தொடங்கிவிட்டது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலிருக்கும் வேலூர் சி.எம்.சி.யில்தான் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. ஆனால் வீட்டுக்கு வீடு 'கிட்னி மாத்துறது' என்ற பேச்சு வந்தது 1984ல், எம்.ஜி.ஆருக்காக. அண்ணன் சக்கரபாணியின் மகள் லீலாவதி சிறுநீரகம் கொடுத்தார், நியூயார்க்கின் புரூக்ளினில் அறுவை நடந்தது, அங்கே படுக்கையில் இருந்தபடியே தேர்தலில் ஜெயித்தார், 1985 பிப்ரவரியில் ஊர் திரும்பினார். அதுவரை எல்லாத் தாத்தாக்களும் சொல்வார்கள். 1987 டிசம்பர் 24ல் அவர் இறக்கும்வரை, நடுவில் சிகிச்சைக்காக மறுபடியும் அமெரிக்கா போனதைக் கேட்டால்தான் 'ஆமாம்ல' என்பார்கள். மக்கள் மனசிலும் கதை அறுவையோடு முடிந்துவிடுகிறது.

சரி, அந்த மாத்திரைகள் எங்கிருந்து வந்தன? மண்ணிலிருந்து! சும்மா சொல்லவில்லை. சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் வெளியூர் போனால் அந்த ஊர் மண்ணைக் கொஞ்சம் எடுத்து வருவார்கள். புது மருந்து தரும் பூஞ்சை ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான். நார்வேயின் மலைச் சமவெளி ஒன்றிலிருந்து அப்படி வந்த மண்ணில் ஒரு பூஞ்சை இருந்தது. அதிலிருந்து கிடைத்ததுதான் சைக்ளோஸ்போரின். 1972ல் அது நோய் எதிர்ப்பை அடக்குவதைக் கண்டுபிடித்தார்கள், 1983ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அடுத்து 1984ல் ஜப்பானின் ட்சுகுபா நகரத்து மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரி டாக்ரோலிமஸ் என்ற மருந்தைக் கொடுத்தது. பெயரின் முதலெழுத்தே அந்த ஊரின் முதலெழுத்துதான். ஈஸ்டர் தீவு மண்ணும் பின்னர் ஒரு மருந்து கொடுத்தது, சிரோலிமஸ். அதற்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டவர் சுரேந்திரநாத் சேகல் என்ற இந்தியர்.

சைக்ளோஸ்போரின் வருவதற்கு முன் கையிலிருந்தவை அசதயோப்ரினும் ஸ்டீராய்டும்தான். வந்த பிறகு உறுப்பு மாற்று அறுவைகள் உலகம் முழுக்கப் பெருகின. சஞ்சய் மாதிரிப் பிள்ளைகள் பிழைத்ததே இந்த மண் மருந்துகள் வந்த பிறகுதான். இத்தனை நல்ல மருந்தைக் குறை சொல்ல மனசு வராது. ஆனால் குறை இருக்கிறது.

பிள்ளையார்பாளையத்தில் நாற்பது வயது நெசவாளர் ஒருவருக்குச் சிறுநீரகம் மாற்றியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (கற்பனை மனிதர்தான். ஆனால் அவருக்கு வருவதாகக் கீழே சொல்லும் எதுவும் கற்பனை இல்லை.) அறுவை நன்றாக முடிந்தது. ரத்தக் கசிவு, ரத்தக்குழாயில் கட்டி, சிறுநீர்க் குழாய் இணைப்பில் ஒழுகல் என்று ஆரம்ப வாரங்களில் வரக்கூடியவை எதுவும் வரவில்லை. காலையில் மாத்திரை, பன்னிரண்டு மணி நேரம் கழித்து மாத்திரை. டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன். மூன்றும் சேர்ந்ததுதான் இன்று பல இடங்களில் வழக்கமான கூட்டணி.

முதல் மாதம் வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அட, உடம்பு பூசினாப்பல இருக்கியேப்பா, முகமெல்லாம் தெளிஞ்சிருக்கு" என்பார்கள். தெளிவு இல்லை, ஸ்டீராய்டு. கன்னம் உருண்டு முகம் நிலா மாதிரி ஆவது அந்த மாத்திரையின் வேலை. பசி அகோரமாக எடுக்கும். அதே மாத்திரை சர்க்கரையை ஏற்றும், டாக்ரோலிமஸும் கூடச் சேர்ந்து ஏற்றும். அறுவைக்கு முன் சர்க்கரை நோயே இல்லாதவருக்கு அறுவைக்குப் பின் புதிதாக வருவது மிகச் சாதாரணம். தமிழ்நாட்டில் ஏற்கெனவே வீட்டுக்கு ஒருவர் சர்க்கரைக்காரர். நீண்ட நாள் ஸ்டீராய்டு எலும்பையும் அரிக்கும். சிலருக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்து அந்த எலும்பே செத்துப்போகும். குழித்தறியில் உட்கார்ந்து நாள் முழுக்க மிதி பலகையை மிதிக்கிற காலுக்கு இடுப்பு எலும்பு போனால் என்ன மிச்சம்?

ஆனால் நெசவாளருக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய அடி வேறு. கை நடுக்கம்.

மருத்துவப் புத்தகத்தில் டாக்ரோலிமஸின் பக்கவிளைவுகளில் 'நடுக்கம்' என்பது ஒரே ஒரு வார்த்தை. சாதாரண வேலை பார்ப்பவருக்கு டீ டம்ளர் ஆடும், கையெழுத்து கோணலாகும், அவ்வளவுதான். பட்டு நெசவில் அப்படி இல்லை. அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். ஒரு பாவு முடிந்தால் அடுத்த பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய நுனிகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். ஒவ்வொரு ஊடைக்கும் இரண்டும் சேருமிடத்தில் இழைகள் சரியாகக் கோத்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் பிசகினால் அந்த இடம் பல் மாதிரி தெரியும், கூலியில் பிடிப்பார்கள். விரல் நுனிதான் இவரின் படிப்பு, பட்டம், சர்டிபிகேட் எல்லாம்! மருந்தின் அளவைக் குறைத்தால் பலருக்கு நடுக்கமும் குறையும் என்பது உண்மை. ஆனால் முதல் மாதங்களில்தான் உடம்பின் எதிர்ப்பு உக்கிரமாக இருக்கும், அளவைக் குறைக்க முடியாத காலமும் அதுதான். உறுப்பா, தொழிலா என்று ஒரு மனிதரைக் கேட்கும் பக்கவிளைவு இது. சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று சொல்லும் கிரியாட்டினின் அளவில் இது தெரியவே தெரியாது. ரிப்போர்ட்டில் அவர் 'நார்மல்'. நடுக்கம் இருக்கிறதென்று வாய்விட்டுச் சொன்னால்தான் டாக்டரால் அளவையோ மருந்து வகையையோ மாற்றிப் பார்க்க முடியும். நம்ம ஊர் நோயாளிகள் சொல்வார்களா? "டாக்டர் கோச்சுப்பார்" என்று வாயை மூடிக்கொள்வார்கள்.

இன்னொன்று முதுகுவலி. தறிக்காரர்களுக்கு அது கூடப்பிறந்தது. வலித்தால் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு இரண்டு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது ஊர் வழக்கம். டைக்ளோபினாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதைக் குறைப்பவை. டாக்ரோலிமஸும் அதையேதான் செய்கிறது. மாற்றிய ஒற்றைச் சிறுநீரகத்தின்மேல் இரண்டும் சேர்ந்து ஏறினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இருமலுக்கு எரித்ரோமைசின் கொடுத்தால் டாக்ரோலிமஸ் அளவு ரத்தத்தில் எகிறும். பப்ளிமாஸ் பழமும் ஏற்றக்கூடியது. ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும், தலைவலிக்குப் போனாலும்கூட, 'எனக்கு உறுப்பு மாற்றியிருக்கிறது' என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. உறுப்பைக் காப்பாற்றும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இரண்டும் நீண்ட காலத்தில் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. சிறுநீரகம் மாற்றியவருக்கு மட்டும் இல்லை, கல்லீரல், இதயம் மாற்றியவர்களுக்கும். 2003ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு, சிறுநீரகம் தவிர மற்ற உறுப்புகளை மாற்றிக்கொண்ட அறுபத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தது. கல்லீரல் மாற்றியவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குள் சிறுநீரகம் செயலிழக்கும் நிலைக்குப் போனவர்கள் ஏறத்தாழ 18 சதவீதம்! மருந்து மட்டுமே காரணம் இல்லை, அறுவைக்கு முன்பே சிலருக்குச் சிறுநீரகம் பலவீனமாக இருந்திருக்கும். ஆனால் மருந்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஒரு கடனை அடைக்க இன்னொரு இடத்தில் கடன் வாங்குவது மாதிரி. தறிக்கு முன்பணம் வாங்கியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

அடுத்தது தொற்று. கோயில் ஊரில் இருப்பவருக்கு இது தனிக் கவலை. 2019ல் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாட்களில் காஞ்சிபுரத்துத் தெருக்களில் கால் வைக்க இடம் இருந்ததா? நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் தரிசனம், அடுத்தது 2059ல். அந்த வருஷம் ஜூன் மாதம் உறுப்பு மாற்றிக்கொண்ட ஒருவர் வரதராஜப் பெருமாள் கோயில் பக்கத்திலேயே குடியிருந்தாலும் போகாமல் இருந்திருக்க வேண்டும். முதல் சில மாதங்கள் கூட்டம் ஆகாது, இருமுகிற ஆள் பக்கத்தில் நிற்கக் கூடாது. கோபுரத்துப் புறாக்களின் எச்சத்தில் வளரும் ஒருவகைப் பூஞ்சை, நல்ல உடம்பு உள்ளவரை ஒன்றும் செய்யாது. எதிர்ப்பு அடங்கிய உடம்பில் மூளைக்காய்ச்சல் வரைக்கும் கொண்டுபோகும். ஈரமான மண்ணிலும் பூஞ்சை உண்டு, குழித்தறி என்பதே மண்ணில் தோண்டிய குழிதான். கோயில் இட்லி? ஆவி பறக்க இறக்கியதை அப்போதே தின்றால் பயமில்லை. இலையில் கட்டி வைத்து அடுத்த நாள் தின்பதுதான் வம்பு.

நிறையப் பேருக்குள் சின்ன வயசிலேயே புகுந்து சத்தமில்லாமல் உறங்கும் கிருமிகள் வேறு. சைட்டோமெகலோ வைரஸ் ஒன்று, காசநோய் இன்னொன்று. காவல் அசந்ததும் இரண்டும் எழுந்துகொள்ளும். காசநோயில் ஒரு பொல்லாத முடிச்சு இருக்கிறது. அதற்கு முதன்மை மருந்து ரிபாம்பிசின். அது கல்லீரலைத் தூண்டி, டாக்ரோலிமஸை வேகவேகமாக எரித்துத் தள்ளவைக்கும். மாத்திரை வழக்கம்போல விழுங்கினாலும் ரத்தத்தில் மருந்து இருக்காது. காசநோய் குணமாகும், சிறுநீரகம் போய்விடும். விஷயம் தெரிந்த டாக்டர் வேறு மருந்துக் கூட்டணிக்கு மாற்றுவார், இல்லையென்றால் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றி அடிக்கடி ரத்தம் பார்ப்பார். ஆகவே 'இரண்டு வாரமாக இருமல்' என்று ஒருவர் வந்தால் உள்ளூரிலேயே ஏதோ எழுதிக் கொடுத்து அனுப்புவது ஆபத்து. காவல் ஓய்ந்த உடம்பில் சிலவகைப் புற்றுநோய்களும், முக்கியமாக நிணநீர்ப் புற்றுநோய், மற்றவர்களைவிட அதிகம் வரும். குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு மைக்கோபினோலேட் ஆகாது, கருவைப் பாதிக்கும். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் முன்பே மாற்ற வேண்டும்.

இங்கே ஒரு சின்னப் புலம்பல். 2020ல் கொரோனா வந்ததிலிருந்து 'நோய் எதிர்ப்பு சக்தி' என்ற வார்த்தை தெருவுக்குத் தெரு விற்பனையானது. கஷாயம், பொடி, லேகியம் எல்லாவற்றின் மேலும் அந்த லேபிள். உறுப்பு மாற்றியவரின் சிகிச்சையே எதிர்ப்பு சக்தியை அடக்குவதுதான்! பக்கத்து வீட்டு அக்கா பாசமாகக் கொடுக்கும் 'இம்யூனிட்டி கஷாயம்' அவருக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும் கயிறு. சீந்தில் கொடி சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021ல் எழுதினார்கள். நாட்டு மருந்தே கூடாது என்பது வாதம் இல்லை. கேட்காமல் கூடாது.

வாங்கியவர் பாடு இது என்றால், கொடுத்தவர்? சஞ்சயின் அப்பா மாதிரிக் கல்லீரலில் பகுதி கொடுத்தவர்களுக்குச் சில மாதங்களில் கல்லீரல் ஏறக்குறைய பழைய அளவுக்கு வளர்ந்துவிடும், ஆனால் அதுவும் பெரிய அறுவை, ஆபத்து இல்லாதது இல்லை. சிறுநீரகம் வளராது. மிச்சம் இருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க ரத்த அழுத்தமும் கிரியாட்டினினும் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொள்ள வசதி உள்ளவருக்குப் பெரும்பாலும் பிரச்சினை வருவதில்லை. இல்லாதவர்கள் கதை வேறு. உறுப்பு விற்பனையை 1994ம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அதற்கு முன்பே சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. சட்டம் வந்தும் நிற்கவில்லை. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை நேரில் கேட்டு, 2002ல் ஓர் ஆய்வு வெளியானது. வணிகவியல் படிக்கிற யாரும் அதைப் படிக்கலாம், அவ்வளவு பளிச்சென்ற நஷ்டக் கணக்கு. 96 சதவீதம் பேர் விற்றது கடனை அடைக்க. சராசரியாகக் கைக்கு வந்தது 1,070 டாலர். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோனது. 86 சதவீதம் பேர் உடம்பு முன்பைவிட மோசமாகிவிட்டது என்றார்கள். கடனுக்காக விற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்போதும் கடனில்தான் இருந்தார்கள். இது பழைய கதை என்று தள்ள முடியாது. 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் வாங்கிய விவகாரம் வெடித்தது. மறுபடியும் தறி, மறுபடியும் கடன்.

இந்த இழிவுக்கு எதிர்ப்பக்கம் 2008 செப்டம்பர். அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற பதினைந்து வயதுப் பையன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் இருவரும் டாக்டர்கள், அவனுடைய உறுப்புகளைத் தானம் செய்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர் வரை போலீஸ் வழிவிட, இதயம் பதினோரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பின் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி ஆனது. 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்றும் அறிவித்தார்கள். அந்தப் பதினோரு நிமிடம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. வாங்கியவர்களுக்கு அப்புறம் வரும் பதினோரு வருஷம்?

அங்கேதான் கணக்கு உதைக்கிறது. பி.காம். முதல் வருஷத்திலேயே மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று பிரித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். மெஷின் வாங்குவது ஒரு முறை, அதற்கு எண்ணெய் போடுவது மாதாமாதம். அறுவை என்பது மூலதனச் செலவு. அதற்குக் காப்பீட்டுத் திட்டம் உண்டு, 2012ல் வந்த முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டில் உறுப்பு மாற்றும் சேர்ந்தது. பத்திரிகையில் படம் போட்டால் உதவும் நல்ல உள்ளங்களும் உண்டு. மாதாமாத மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் போக்குவரத்துக்கும் எந்த நல்ல உள்ளமும் நன்கொடை அனுப்பாது, அதில் படம் எடுக்க ஒன்றுமில்லை. அரசு மருத்துவமனையில் மாற்றிக்கொண்டவர்களுக்கு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. பெரிய விஷயம்தான். ஆனால் அதை வாங்கப் போகும் ஒரு நாள் தறி நிற்கும், தறி நின்றால் கூலி இல்லை.

ஆகவே ஆட்கள் என்ன செய்கிறார்கள்? நிறுத்திவிடுகிறார்கள். ஒரேயடியாக இல்லை. ஒரு வேளை விட்டுப் பார்ப்பார்கள், ஒன்றும் ஆகாது. அடுத்து இரண்டு நாள். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, நடுக்கம்கூடக் குறைந்திருக்கிறது! கைக்குச் சுகமாக இருக்கிறது, தறியில் முன்னைப்போல உட்கார முடிகிறது. உள்ளே காவல்காரன் எழுந்துவிட்டான் என்பது தெரியாது. வலி இல்லை, காய்ச்சல் பெரும்பாலும் இல்லை. கிரியாட்டினின் ஏறுவது கண்ணுக்குத் தெரியாது. கால் வீங்கிச் சிறுநீர் குறைந்து மருத்துவமனைக்கு ஓடும்போது பல சமயம் கெட்டது திரும்பாத இடத்துக்குப் போயிருக்கும். மறுபடியும் டயாலிசிஸ், வாரம் மூன்று முறை, முறைக்கு நாலு மணி நேரம். கல்லீரலுக்கும் இதயத்துக்கும் அந்த வாய்ப்புகூட இல்லை. பதின்ம வயதில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். சின்ன வயசில் அம்மா ஊட்டிய மாத்திரையைத் தானாகப் போட்டுக்கொள்ள வேண்டிய வயசு அது. முகம் உப்பலும் பருவும் முடி வளர்ச்சியும் கண்ணாடியில் உறுத்தும் வயசும் அதேதான். குழந்தையில் மாற்றிக்கொண்டு காலேஜ் வரை வந்து, டாக்டரும் ஆன ஒருவர் எதைத் தாண்டி வந்திருப்பார் என்பதை இங்கிருந்து யோசித்தால்தான் தெரியும்.

இதையெல்லாம் படித்துவிட்டு 'அப்போ மாத்திக்கவே வேண்டாமா' என்று யாராவது கேட்டால், அது தப்பான கேள்வி. சிறுநீரகம் போனவருக்கு டயாலிசிஸைவிட மாற்று அறுவை ஆயுளையும் தருகிறது, நடமாட்டத்தையும் தருகிறது. கல்லீரல் முற்றிலும் கெட்டவருக்கு வேறு வழியே கிடையாது. கேட்க வேண்டிய கேள்வி, கையெழுத்து வாங்கும் தாளை நோயாளிக்கு யாராவது தமிழில் படித்துக் காட்டினார்களா என்பது. 'உன் தொழில் என்ன' என்று யாராவது கேட்டார்களா என்பது. நெசவாளர் என்று தெரிந்திருந்தால் கை நடுக்கத்தைப் பற்றி முதல் நாளே பேசியிருக்கலாம். டிரைவர் என்றால் கண் புரையைப் பற்றி, சமையல்காரர் என்றால் சர்க்கரையைப் பற்றி.

டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையைப் போடக் கூடாது. ராத்திரி போட்ட மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அடுத்ததைப் போடுவதற்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். போட்டுவிட்டுப் போனால் அளவு தப்பாகக் காட்டும், அதை நம்பி டாக்டர் மருந்தைக் குறைத்துவிடுவார். காஞ்சிபுரத்திலிருந்து விடியற்காலையில் செங்கல்பட்டு வழியாகச் சென்னை போகும் மின்சார ரயிலில் இப்படிப் போகிறவர்கள் காலை மாத்திரையை ஒரு சின்னப் பொட்டலத்தில் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள். ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டே, மற்ற கையால் அதைப் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே எடுத்துப் போவது நல்லது.